பினாங்கில் பிள்ளைகளுக்கு உயிரியல்: பண்ணையா, தண்ணீர்மலையா, வாசல் கறிவேப்பிலையா?

தெலுக் பஹாங்கின் என்டோபியா, தண்ணீர்மலைத் தாவரவியல் பூங்கா, வீட்டு வாசல் கறிவேப்பிலை. மூன்றையும் என் பிள்ளைகளோடு பார்த்தாயிற்று. என் ஓட்டு கறிவேப்பிலைக்குத்தான்.

என்டோபியா 1986-இல் பட்டாம்பூச்சிப் பண்ணையாகத் தொடங்கியது. மழை பெய்தாலும் கவலையில்லை. முட்டை, புழு, கூட்டுப்புழு, பட்டாம்பூச்சி எல்லாம் ஒரே நாளில் கண்ணில் பட்டுவிடும். ஆனால் டிக்கெட் விலைக்கும் வழியிலுள்ள பத்து ஃபிரிங்கி கடற்கரைப் பகுதி நெரிசலுக்கும் பள்ளி விடுமுறைக்கு ஒரு தடவை போவதே பெரிது.

தண்ணீர்மலைத் தோட்டம் 1884 முதல் இருக்கிறது, நுழைவும் இலவசம். கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் போட்ட லோத்தோங் குரங்குகளை அங்கே பார்க்கலாம். தாய் சாம்பல் நிறம், மடியில் இருக்கும் குட்டியோ பளிச்சென்ற ஆரஞ்சு. ஏன் இப்படி என்று மகள் கேட்டாள். ஆய்வாளர்களிடமே ஒரே பதில் கிடையாது. அறை அறையாகப் பிரிந்த அதன் வயிற்றில் இலை தோசை மாவு மாதிரி புளித்துத்தான் செரிக்கிறது என்றதும் சிரித்துவிட்டாள். நீள்வால் குரங்குகள் வேறு ரகம். பிளாஸ்டிக் பையோடு போனால் பை உங்களுடையது அல்ல.

ஆனாலும் இன்று பார்த்த அதே உயிரை நாளைக்கும் பார்க்க முடியுமா? எனக்கு இதுதான் முக்கியம். தோட்டத்தில் அதற்கு உத்தரவாதமில்லை. வாசலில் உண்டு.

எலுமிச்சைப் பட்டாம்பூச்சி கறிவேப்பிலைத் துளிரில் ஒவ்வொன்றாக முட்டை வைக்கும். மூன்று நான்கு நாளில் புழு வெளிவரும். முதலில் அசல் பறவை எச்சம் மாதிரியே இருக்கும். கடைசித் தோலுரிப்பில் பச்சைக்கு மாறும். லேசாகத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து கவட்டை போன்ற ஆரஞ்சு உறுப்பு நீண்டு நெடியடிக்கும். மகன் மூக்கைப் பொத்திக்கொண்டு மறுபடி தொடுவான். பட்டாம்பூச்சி வெளிவரும்போது செந்நிறத் துளி ஒன்று சிந்தும். ரத்தமில்லை, கூட்டுக்குள் சேர்ந்த கழிவு என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள். எல்லாம் ஏறக்குறைய ஒரு மாதத்துக்குள் முடிந்துவிடும், பள்ளி பஸ் வருவதற்கு முன் தினம் ஐந்து நிமிடம் போதும். சில கூடுகளில் பட்டாம்பூச்சிக்குப் பதில் பொடிக் குளவிகள் துளைத்துக்கொண்டு வரும். பிள்ளை அழுதாலும் ஒட்டுண்ணி என்றால் என்ன என்பது புரிந்துவிடும்.

பராமரிப்புதான் தலைவலி. பூச்சி மருந்து அறவே கூடாது. கடைசிக் கட்டப் புழு கிளையையே மொட்டையடித்துவிடும். "ஏம்மா, வீட்டுக் கறிவேப்பிலையப் புழுவுக்குக் கொடுத்துட்டு மார்க்கெட்ல காசு குடுத்து வாங்குறியா?" என்று மாமியார் கேட்காத வாரமில்லை. அதனால் சமையலுக்கு ஒன்று, புழுவுக்கு ஒன்று என்று இரண்டு தொட்டி வைத்திருக்கிறோம். தொட்டியின் அடித்தட்டில் தண்ணீர் நின்றால் ஜென்டிக்-ஜென்டிக், அதாவது கொசுப்புழு, வரும். டெங்கிக் கொசு ஒரு வாரத்தில் வளர்ந்துவிடும் என்பதால் வாரத்துக்கு ஒரு முறையாவது கொட்டித் தேய்த்தே ஆக வேண்டும்.

நாங்கள் தரை வீட்டுக்காரர்கள். பத்தாவது மாடி பால்கனிக்குப் பட்டாம்பூச்சி ஏறி வருமா என்று அங்கே குடியிருப்பவர்கள்தான் சொல்ல வேண்டும். இடைநிலைப்பள்ளிப் பிள்ளைகளுக்கு இது மட்டும் போதாது, தண்ணீர்மலையையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நர்சரிச் செடியில் மருந்து அடித்திருக்கலாம், கேட்டு வாங்குங்கள். அதைவிடப் பக்கத்து வீட்டு மரத்தடியில் முளைத்த வேர்க்கன்றைக் கேட்டு வாங்கி நடுவது நல்லது, காசும் மிச்சம்.