பகானைப் படிக்க லூஸா, அவுங்-துவினா, பிசார்டா?

பர்மாவின் பழைய தலைநகரான பகானின் கோட்டைச் சுவருக்குள் நிற்கும் நத்லாங் சௌங் ஒரு விஷ்ணு கோயில். பகானில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டு இதற்கு உரியதுதானா என்று பர்மாத் தமிழ் வாசகர் கேட்பது இயல்பே. கல்வெட்டறிஞர் ஹுல்ட்ஷ் 'எபிகிராபியா இண்டிகா' என்ற கல்வெட்டு வெளியீட்டின் 7ஆம் தொகுதியில் பதிப்பித்த அந்தக் கல்வெட்டை முதலில் படித்துவிடுங்கள். மலைமண்டலத்து (கேரளம்) மகோதையர்பட்டணத்துக்காரர் ஒருவர் நானாதேசி விண்ணகரம் என்ற விஷ்ணு கோயிலுக்கு மண்டபமும் கதவும் விளக்கும் தந்த செய்தி அது. எழுத்து 13ஆம் நூற்றாண்டினது. கிடைத்த இடமோ கோட்டைக்கு வெளியே, மியின்பகான். கல்வெட்டின் விண்ணகரமும் நத்லாங் சௌங்கும் ஒரே கோயில் என்று அடித்துச் சொல்ல இது போதாது.

கோயில்களுக்கு வந்தால், பர்மா வரலாற்றறிஞர் லூஸின் 'ஓல்ட் பர்மா – ஏர்லி பகான்' (1969–70) இன்றும் ஈடில்லாத நூல். கல்வெட்டு, சிற்பம், சுவரோவியம் மூன்றையும் சேர்த்து வைத்துப் பேசுகிறார். மூன்று தொகுதிகளில் முதலாவது உரை, இரண்டாவது படங்களின் விளக்கம், மூன்றாவது படங்கள். உரையை மட்டும் நகலெடுத்தால் பாதி வாதம் புரியாது. படங்கள் 1975 நிலநடுக்கத்துக்கு முந்தியவை என்பதால் இன்று இல்லாத கோபுர உச்சிகளும் அவற்றில் உண்டு.

ஆனால் அவருடைய காலக்கணிப்பு கீழ்ப் பர்மாவின் மோன் மக்களுடைய பண்பாட்டின் மீது பெரிதும் சாய்ந்தது. 1057இல் பகான் மன்னர் அனவரதா மோன் நகரான தாட்டோனை வென்று மோன் நாகரிகத்தைப் பகானுக்குக் கொண்டுவந்தார் என்ற கதையையே வரலாற்றாசிரியர் அவுங்-துவின் 'த மிஸ்ட்ஸ் ஆஃப் ராமஞ்ஞா' (2005) நூலில் மறுக்கிறார். அந்தக் கதைக்கு அக்காலச் சான்று இல்லை, பிற்காலத்தில் உருவானது என்கிறார். அவர் வாதம் முழுவதையும் ஏற்க வேண்டியதில்லை. ஓவியங்களுக்குக் கீழே மோன் எழுத்துகள் இருக்கும் கோயில்களில் லூஸின் கணிப்பு அசைவதில்லை. இருண்ட உள்ளறை, துளைச் சன்னல் என்று பாணியை மட்டும் வைத்து அவர் சொன்ன காலங்களைத்தான் ஐயத்தோடு படிக்க வேண்டும். கலை தேடுவோருக்கு அவுங்-துவினிடம் அதிகம் கிடைக்காது.

நேரில் போய்ப் பார்க்க, பகான் கட்டடங்களைப் பற்றிய பிசார்டின் எட்டுத் தொகுதிப் பட்டியல்தான். 2,834 கட்டடங்களுக்கு எண், தரைப்படம், ஒளிப்படம் தருகிறது. நத்லாங் சௌங் 1600ஆம் எண். 6ஆம் தொகுதியில் பாருங்கள். தொடர்ந்து வாசிக்க உகந்ததன்று, விளக்கம் சில வரிகள்தான். ஆனாலும் ஒரு கோயிலின் உச்சியை வைத்துக் காலம் சொல்லுமுன் அந்த உச்சி பிசார்டின் படத்தில் இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். 1990களில் புதிதாகக் கட்டிய உச்சிகள் பகானில் ஏராளம்.