உப்புத் தண்ணீர் வீட்டில் ஃப்ரண்ட் லோட் வாஷிங் மெஷின்: ஸ்பைடர் உடைந்த பிறகு எழுதுவது

பக்கத்துத் தெருத் தோழி ஒருத்தி கேட்டிருக்கிறாள்: “ஆடித் தள்ளுபடியில உன் மெஷின் விலை நல்லா இறங்கியிருக்குக்கா, எடுக்கட்டுமா?” சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை. என் மெஷினை இப்போதுதான் அக்கக்காகப் பிரித்துத் திரும்ப மாட்டியிருக்கிறார்கள். அதற்கு ஆன செலவு புது மெஷின் விலையில் கிட்டத்தட்ட பாதி. அந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. இருந்தாலும் மெஷினுக்கு நியாயமாகத்தான் எழுதப் பார்க்கிறேன்.

எங்கள் வீடு வடசென்னைத் தண்டையார்பேட்டையில், காசிமேட்டுப் பக்கம். மெஷின் 2019இல் வாங்கியது. ஏழு கிலோ, உள்ளே ஹீட்டர், நிமிடத்துக்கு 1200 சுற்று ஸ்பின், இன்வெர்ட்டர் மோட்டார். மற்றதெல்லாம் கடையிலேயே சொல்லிவிடுவார்கள். புழல் ஏரியும் செம்பரம்பாக்கமும் காய்ந்து கிடந்த வருடம் அது. ஃப்ரண்ட் லோட் என்றால் டாப் லோடில் பாதித் தண்ணீர்தான் ஆகும், ஒரு லோடுக்கு மூன்று நான்கு குடத்தில் முடிந்துவிடும் என்பதற்காகவே அதை எடுத்தோம். அந்தக் கணக்கு பொய்க்கவில்லை.

துவைப்பதைப் பற்றி ஒரு குறையும் சொல்ல மாட்டேன். தம்பிக்கு மீன்பிடித் துறைமுகத்தில் வேலை. விடியற்காலை ஏலம் முடிந்து வருகிற சட்டையை வாசலிலேயே கழற்றி வைத்துவிடுவான். மீன் ரத்தம், செதில், ஐஸ் பெட்டி நாற்றம் எல்லாம் அதில் இருக்கும். கையில் எவ்வளவு தேய்த்தாலும் காய்ந்த பிறகு ஒரு வாடை மிஞ்சும். இந்த மெஷினில் மிஞ்சாது. ஆனால் எடுத்தவுடன் வெந்நீரில் போடக்கூடாது. ரத்தம் சூட்டில் வெந்து நூலோடு ஒட்டிக்கொள்ளும், அப்புறம் கறை போகவே போகாது. முதலில் பச்சைத் தண்ணீரில் ஒரு அலசு, அதன் பிறகு 60 டிகிரி. அப்பாவின் வெள்ளை வேட்டி இத்தனை வருடத்தில் பழுப்பேறவில்லை. ஐப்பசி கார்த்திகை மழையிலும் துணி முக்கால்வாசி காய்ந்தே வெளியே வரும். ஆலைகள் நிறைந்த எண்ணூர்ப் பக்கத்திலிருந்து காற்று வீசும் நாளில் மொட்டை மாடிக் கொடியில் துணி அதிக நேரம் கிடந்தால் தோள்பட்டையில் கரி படியும். ஒன்றிரண்டு மணி நேரத்தில் காய்ந்துவிடுவதால் அந்தத் தொல்லையும் குறைந்தது. இது நான் எதிர்பார்க்காத லாபம்.

சரி, கோபம் எதற்கு என்று சொல்கிறேன்.

ஸ்பின் ஓடும்போது அடியிலிருந்து ‘உர்ர்’ என்று ஒரு சத்தம் வர ஆரம்பித்தது. கம்பெனி ஆள் வந்து கால்களைத் திருகி மட்டம் பார்த்துவிட்டு, “துணி ஒரு பக்கம் சேர்ந்துடுது மேடம், அதான்” என்றார். அடுத்து வந்தவர் பேரிங் என்றார். பிறகு சத்தம் ‘டொக் டொக்’ என்று மாறியது. கதவு ரப்பரின் ஓரத்தில் கறுப்பாக ஒரு தேய்மானம் தெரிந்தது. கடைசியில் பழைய வண்ணாரப்பேட்டை மெக்கானிக் ஒருவரைக் கூப்பிட்டோம். அவர் பிளக்கைப் பிடுங்கினார், கதவைத் திறந்தார், டிரம்மின் மேல் விளிம்பில் கை வைத்து மேலே தூக்கினார். டிரம் விரற்கடை அளவுக்கு ஏறி இறங்கியது. பின்பக்கத் தகட்டைக் கழற்றி, டிரம்மைச் சுற்ற வைக்கும் சக்கரமான புல்லியைப் பிடித்து ஆட்டினார். அது அசையவில்லை. “அக்கா, பேரிங் நல்லாத்தான் இருக்கு. ஸ்பைடர் போயிருக்கு” என்றார்.

துணி சுற்றுகிற எவர்சில்வர் டிரம்மைப் பின்னாலிருந்து தாங்கிப் பிடிக்கும் மூன்று கை உள்ள துண்டுக்குத்தான் ஸ்பைடர் என்று பெயர். அலுமினியக் கலவையில் வார்த்திருப்பார்கள். அவர் வெளியே எடுத்துக் காட்டியதை நான் மறக்க மாட்டேன். மூன்று கைகளில் ஒன்று அடியோடு முறிந்திருந்தது. மற்ற இரண்டும் நனைந்த சாக்பீஸ் மாதிரி உப்பிப்போய், நகத்தால் கீறினால் வெள்ளையாக உதிர்ந்தன. உள்ளே ஊசி நுழைகிற அளவுக்கு ஓட்டைகள். இடுக்கில் எல்லாம் சோப்பு அழுக்கு களிம்பாகக் கெட்டியாகியிருந்தது. அதற்குப் பக்கத்திலேயே டிரம் பளபளவென்று இருக்கிறது, ஒரு கீறல் இல்லை. அலுமினியமும் எவர்சில்வரும் ஒட்டியிருக்கும் இடத்தில் உப்புத் தண்ணீர் நின்றால் அரிப்பு அலுமினியத்தைத்தான் தின்னும். எவர்சில்வர் தப்பித்துக்கொள்ளும்.

இது சும்மா சத்தத்தோடு போகிற சமாச்சாரம் கிடையாது. 1200 சுற்றில் டிரம் ஓடும்போது ஒரு பக்கமாக ஒதுங்கிய 300 கிராம் ஈரத்துணிகூட 100 கிலோவுக்கு மேற்பட்ட விசையோடு வெளியே இழுக்கும். அந்த இழுப்பு முழுவதையும் தாங்குவது இந்த மூன்று கைகள்தான். மீதிக் கைகளும் ஸ்பின் நடுவில் விட்டிருந்தால் டிரம் வெளித் தொட்டியைக் கிழித்திருக்கும், தண்ணீர் கரண்ட் பாகங்களில் இறங்கியிருக்கும். அதனால் ஸ்பின்னில் புதுச் சத்தம் கேட்டால் அன்றைக்கே நிறுத்திவிடுங்கள். மெக்கானிக் செய்த சோதனையை யார் வேண்டுமானாலும் செய்யலாம்: பிளக்கைப் பிடுங்கிவிட்டு, காலி டிரம்மின் விளிம்பைத் தூக்கிப் பார்க்க வேண்டும். வெளித் தொட்டியை விட்டு டிரம் மட்டும் தனியாக ஆடினால் மெஷினை ஓட்டக்கூடாது.

எங்கள் பக்கத்துப் போர் தண்ணீரைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. வாயில் வைத்தால் கரிக்கும். மீஞ்சூர் சுற்று வட்டாரத்தில் பல பத்தாண்டுகளாக நிலத்தடி நீரை உறிஞ்சியதில் கடல் நீர் உள்ளே புகுந்தது ஊரறிந்த கதை. அந்தப் பக்கத்துக் காட்டுப்பள்ளியிலேயே 2010இல் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் வந்தது, ஒரு நாளைக்கு 10 கோடி லிட்டர். அப்படியும் கரையோரத் தெருக்களில் இன்றும் வீட்டுக்கு வீடு போர்தான் துவைக்கவும் குளிக்கவும். இந்தியக் குடிநீர்த் தர நிர்ணயத்தில் கரைந்த உப்புக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் என்று அளவு வைத்து, வேறு தண்ணீர் கிடைக்காவிட்டால் 2000 வரை போகலாம் என்கிறார்கள். கரைந்த உப்பை அளக்கும் கையடக்க டிடிஎஸ் மீட்டரை உங்கள் வீட்டுப் பக்கெட்டில் ஒருமுறை விட்டுப் பாருங்கள்.

எனக்குத் தாங்க முடியாத கோபம் எதில் என்றால், பொருத்த வந்த அன்றே என்னிடம் குழாயில் மாட்டுகிற ஃபில்டர் ஒன்றை விற்றார்கள். “போர் தண்ணியா மேடம்? இத போட்டா ஒரு பிரச்சனையும் வராது” என்றார்கள். வருடா வருடம் காசு கொடுத்து மாற்றவும் செய்தேன். அந்த வகை ஃபில்டர் சுண்ணாம்பு படியாமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவுதான். ஹீட்டர் கம்பியில் வெள்ளையாகப் படிவது கால்சியம், மக்னீசியம். அதற்குத்தான் ஃபில்டர். கடல் உப்பைக் கரைசலிலிருந்து அது எடுக்காது. பெரிய சாஃப்ட்னர் வைத்தாலும் கால்சியம் போய் அந்த இடத்தில் சோடியம் வருமே தவிர, உலோகத்தை அரிக்கிற குளோரைடு அப்படியேதான் இருக்கும். கடினத் தண்ணீர் வேறு, உப்புத் தண்ணீர் வேறு. இரண்டையும் ஒன்றாக்கி விற்றவருக்கு இது தெரியாமல் இருக்காது. மூலக்கொத்தளம் முதல் எர்ணாவூர் வரை எத்தனை வீட்டில் இந்த ஃபில்டரை நம்பி உட்கார்ந்திருக்கிறார்களோ!

அடுத்தது வாரண்டி. மோட்டாருக்குப் பத்து வருடம் என்று முகப்பிலேயே பெரிய ஸ்டிக்கர். மோட்டார் இன்றைக்கும் பூ மாதிரி ஓடுகிறது. உடைந்த ஸ்பைடருக்கு அந்த வாரண்டி செல்லாது. அதோடு எங்கள் மாடலில் வெளித் தொட்டியின் இரண்டு பாதிகளையும் சூட்டில் ஒட்டியிருக்கிறார்கள். திருகைக் கழற்றி ஸ்பைடரை மட்டும் மாற்ற முடியாது, தொட்டி டிரம் எல்லாம் சேர்த்து முழு செட்டாக வாங்க வேண்டும். அதனால்தான் அவ்வளவு செலவு.

பழுது பார்த்த பிறகு ஒரே ஒரு பெரிய மாற்றம் செய்தோம். குடிநீர் வாரியம் விடும் மெட்ரோ தண்ணீருக்கு மட்டும் மாடியில் சின்னதாக ஒரு டேங்க் வைத்து, அங்கிருந்து மெஷினுக்குத் தனிக் குழாய் இழுத்தோம். சம்பிலிருந்து ஏற்றிக்கொள்கிறோம். மூன்று நான்கு குடம்தானே, லாரித் தண்ணீர் வாங்கும் நாளிலும் கட்டுப்படியாகிறது. டேங்க் மெஷினை விட நல்ல உயரத்தில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அழுத்தம் போதாமல் பாதியில் தண்ணீர் வரவில்லை என்று நின்றுவிடும். மெட்ரோ குழாயில் துரு வருகிற வீட்டில் இன்லெட் வாயில் இருக்கும் சின்ன வலையை அவ்வப்போது கழற்றி பிரஷ் போட வேண்டும்.

கூடவே சில பழக்கங்கள். சோப்பை அளவோடுதான் போடுகிறேன், அதுவும் ஃப்ரண்ட் லோடுக்கான லிக்விட் மட்டும். கையால் துவைக்கிற பவுடர் நுரைத்துத் தள்ளி, அலசில் போகாமல் பின்பக்கம் போய்க் களிம்பாக ஒட்டுகிறது, அந்தக் களிம்பில்தான் உப்பும் ஈரமும் தங்கும். கூடுதல் அலசு பட்டனை எப்போதும் அழுத்துகிறேன். சாதாரணத் துணிக்கு 800 சுற்று போதும், 1200 மழைக்காலத்துக்கு மட்டும். துவைத்து முடிந்ததும் கதவையும் சோப்புத் தட்டையும் திறந்தே வைக்கிறோம். வீட்டில் குழந்தை இருந்தால் கதவைத் திறந்து போடும்போது டிரம்முக்குள் ஏறாமல் கண் வைக்க வேண்டும். சுண்ணாம்பு நீக்க எப்போதாவது சிட்ரிக் ஆசிட் போட்டுக் காலியாக ஓட்டலாம். அதோடு பிளீச்சிங் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும், மூடிய குளியலறையில் உயிருக்கே ஆபத்து. இரண்டையும் ஒரே நாளில் தொடவே வேண்டாம்.

துறைமுகத்து வீடுகளுக்காக இன்னொன்று. கடலுக்குப் போகிறவர்கள் போடுகிற ரெக்சின் மழைக்கோட்டை மெஷினில் போடக்கூடாது. அது தண்ணீரைப் பை மாதிரி பிடித்து வைத்துக்கொள்ளும், ஸ்பின்னில் மெஷின் இடம் விட்டு இடம் குதிக்கும். பெட்ரோல், தின்னர், டீசல் பட்ட துணியும் வேண்டாம், தீப்பிடிக்கும். போட் இன்ஜின் வேலை செய்கிறவர்களின் துணியை வெளியில் தனியாகத்தான் துவைக்க வேண்டும்.

எர்த் பற்றிச் சொல்லாமல் விட்டால் மனசு கேட்காது. ராயபுரம், காசிமேட்டுப் பழைய வீடுகளில் மூன்று ஓட்டை சாக்கெட் இருக்கும், மேல் ஓட்டைக்குப் பின்னால் வயரே இருக்காது. ஈரக் கையால் மெஷினைத் தொட்டால் ‘சுர்’ என்று இருக்கிறது என்பார்கள், செருப்பு போட்டுக்கொண்டு துவைப்பார்கள். மெஷினுக்குள் மின் இரைச்சலை வடிகட்டும் கெப்பாசிட்டர்கள் வழியாக எப்போதும் கொஞ்சம் கரண்ட் கசியும். எர்த் இருந்தால் அது மண்ணுக்குப் போய்விடும், இல்லாவிட்டால் உடம்பு வழியாகப் போகும். இன்றைக்கு சுர் என்பது, உள்ளே வயர் ஒன்று எலி கடித்துப் பாடியில் பட்டால் ஆளையே சாய்த்துவிடும். உப்பு மண்ணில் எர்த் பைப் சீக்கிரம் துருப்பிடிக்கும் என்பதால், ஒருமுறை போட்டாயிற்று என்றும் விட முடியாது. எலக்ட்ரீஷியனை வைத்து எர்த்தைச் சோதித்து, கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி சுவிட்ச் ஒன்றும் போடச் சொல்லுங்கள். ஹீட்டர் மெஷின் 2000 வாட் வரை இழுக்கும். 16 ஆம்பியர் சாக்கெட்டில் நேராகச் சொருக வேண்டும், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடாது. 2023 டிசம்பர் மிக்ஜாம் மழையில் தரைத்தளத்து மெஷின்கள் பல தண்ணீரில் நின்றன. அப்படி நனைந்ததை வெயிலில் காய வைத்துவிட்டு உடனே சுவிட்ச் போடக்கூடாது, மெக்கானிக் திறந்து பார்த்த பிறகுதான்.

இப்போது தோழிக்குப் பதில். இவ்வளவு நன்றாகத் துவைக்கிற மெஷினை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை. என் வீட்டில் இது ஓடும்வரை ஓட்டத்தான் போகிறேன். ஆனால் நீ வாங்காதே. உன் வீட்டில் போர் மட்டும்தான், மெட்ரோ தண்ணீர் தெருக்குழாயில் பிடித்து வருகிறாய். செமி ஆட்டோமேட்டிக் வாங்கு. துவைக்கிற தொட்டி முழுக்க பிளாஸ்டிக், கடைசி அலசுக்குக் குடத்துத் தண்ணீரைக் கையால் ஊற்றிக்கொள்ளலாம், பழுது வந்தால் தெருமுனை மெக்கானிக்கே பார்த்துவிடுவார். ஸ்பின் தொட்டி முழுசாக நிற்கும்வரை மட்டும் கையை உள்ளே விடாதே. டாப் லோட் எடுக்கலாமா என்றால், அதிலும் உப்பு தன் வேலையைக் காட்டாமல் இருக்காது.

இல்லை, ஃப்ரண்ட் லோடுதான் வேண்டும் என்றால் முதலில் பிளம்பரைக் கூப்பிட்டு மெட்ரோ தண்ணீருக்குத் தனி டேங்க் வை. அப்புறம் கடைக்குப் போ. மோட்டார் வாரண்டியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்தச் சொல்லிவிட்டு, வெளித் தொட்டி திருகு போட்டதா ஒட்டியதா, ஸ்பைடர் தனியாகக் கிடைக்குமா, அதற்கு எத்தனை வருடம் வாரண்டி என்று கேள். பதிலை பில்லிலேயே எழுதி வாங்கு. எழுதித் தர மாட்டேன் என்றால் பணத்தை எடுத்துக்கொண்டு வந்துவிடு.