“அண்ணனுக்கு ஊரில் எந்தப் பக்கம்?”: நானுஓயா ரயிலைத் தவறவிட்ட கதை

கொழும்பிலிருந்து நுவரெலியாப் பக்கம் ரயிலில் போக நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஆறு டிக்கெட்டுக்கு 45,000 ரூபாய் கொடுத்தேன், ஒன்றும் செல்லவில்லை. அதே காலையில் இன்னொருவரின் பொய்யை 55,000 ரூபாய் கொடுத்து வாங்கினேன். ஏமாந்தவர் வெளிநாட்டிலிருந்து வந்த விருந்தாளி என்று நினைக்கவேண்டாம். வெள்ளவத்தையில் இருபத்திரண்டு வருடமாகக் குடியிருக்கும் நான்தான்.

2025 ஆகஸ்டில் பாரிசிலிருந்து அக்காவும் அத்தானும் இரண்டு பிள்ளைகளோடு வந்திருந்தார்கள். அவர்கள் லா சப்பல் பக்கத்தில் இருப்பவர்கள். கார் து லெஸ்ட் ரயில் நிலையம் அங்கிருந்து நடைதூரம். விடுமுறை நாள் என்றால் அத்தான் அங்கே ரயிலேறி 45 நிமிடத்தில் ரீம்ஸ் நகரத்தில் இறங்கிவிடுவாராம். ஷாம்பெயின் விளையும் பகுதி. சுண்ணாம்புக்கல்லைக் குடைந்த நிலவறைகளில் போத்தல்கள் அடுக்கிக் கிடப்பதைப் பார்த்து, ஒரு கிளாஸ் குடித்துவிட்டு, இரவுச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாமாம். “கார் ஓட்டிப் போனால் குடிக்க முடியாது தம்பி. குடிக்கிறவனுக்காகவே அரசாங்கம் ரயில் விட்டிருக்கிறது” என்று சிரித்தார்.

எனக்கு ரோசம் வந்துவிட்டது. உங்களுக்குத் திராட்சை என்றால் எங்களுக்குக் கொழுந்து என்றேன். 1867 இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை நட்டதையும், அதே வருடம் கண்டிக்கு ரயில் போனதையும், 1885 இல் தண்டவாளம் நுவரெலியாவுக்குப் பக்கத்து நிலையமான நானுஓயாவைத் தொட்டதையும் ஒப்பித்தேன். “இதுவும் 45 நிமிடமா?” என்று கேட்டார் அத்தான். ஆறரை மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்று சொன்னபோது குரல் கொஞ்சம் இறங்கியது உண்மைதான்.

எங்களிடம் கார் இல்லை. 2020 இல் வாகன இறக்குமதியை நிறுத்தியதிலிருந்து ஒரு பழைய வேகன் ஆரின் விலை ஊரில் ஒரு காணித் துண்டின் விலையாகிவிட்டது. 2025 இல் மறுபடி திறந்துவிட்டார்கள் என்கிறார்கள், எனக்குத் திறக்கவில்லை. ஆகவே ரயில். அப்போது அதிகாலை 5.55 க்குக் கொழும்புக் கோட்டையிலிருந்து புறப்பட்ட பொடி மெனிக்கே என்ற ரயில் என்று முடிவாயிற்று. மருமகள், வயது பதினொன்று, ஒரு கொப்பியில் நிலையங்களின் பெயரை வரிசையாக எழுதி வைத்துக்கொண்டாள்: ரம்புக்கனை, கடுகண்ணாவை, பேராதனை, கம்பளை, நாவலப்பிட்டி, வட்டவளை, ஹட்டன், கொட்டகலை, தலவாக்கலை, கிரேட் வெஸ்டர்ன், நானுஓயா. ஒவ்வொன்றின் பக்கத்திலும் சரி போடுவதற்கு ஒரு சின்னக் கட்டம்.

ஆசனப் பதிவு 30 நாளைக்கு முன்பு திறக்கும். நான் தேடியது மூன்று வாரத்துக்கு முன்பு. ஒன்றும் மிஞ்சியிருக்கவில்லை. எல்ல பக்கம் போகும் ரயிலின் டிக்கெட்டுகள் 42 வினாடியில் தீர்ந்துபோகின்றன என்று அந்த வருடம் ஜனவரியில் அரசாங்கமே சொல்லியிருந்தது. மொத்தமாக வாங்கிக் கூடிய விலைக்கு விற்பவர்களைக் குற்றப் புலனாய்வுத் திணைக்களம் தேடிக்கொண்டிருப்பதையும் பத்திரிகையில் வாசித்திருந்தேன். வாசித்தேன், மடித்து வைத்தேன், பிறகு நேராக அப்படிப்பட்ட ஒருவரிடமே போனேன்.

காலி வீதியில் ஒரு கடையில் இலக்கம் கிடைத்தது. அழைத்தேன். சிங்களத்தில் தொடங்கினேன், அவர் தமிழில் பதில் சொன்னார். நல்ல, பதமான தமிழ். “அண்ணனுக்கு ஊரில் எந்தப் பக்கம்?” என்று கேட்டார். யாழ்ப்பாணத்தில் நெல்லியடி என்றேன். “ஐயோ, அம்மாவின் ஊர் கரவெட்டி அல்லவா” என்று எங்கள் பக்கத்து ஊரைச் சொன்னார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு நான் கேட்டிருக்கவேண்டிய ஒரு கேள்வியையும் கேட்கவில்லை. கொழும்பில் அலுவல் பார்க்கும் நம்மவர்களுக்கு இது விளங்கும். நாள் முழுவதும் கவுண்டர்களில் அரைகுறைச் சிங்களத்தில் குழைந்துவிட்டு, யாராவது ஊர்த் தமிழில் ஒரு வார்த்தை கதைத்தால் போதும், சட்டைப்பையின் பொத்தான் தானாகக் கழன்றுவிடுகிறது.

ஒரு டிக்கெட் 7,500 ரூபாய், முறையான விலையின் பல மடங்கு. பணத்தை வங்கிக் கணக்குக்கு அனுப்பச் சொன்னார். கணக்கு ஒரு பெண்ணின் பெயரில் இருந்தது. “வீட்டுக்காரியின் கணக்கு அண்ணா.” சரி என்றேன். மாலையில் தொலைபேசிக்கு டிக்கெட்டின் படம் வந்தது. பெட்டி எண், ஆசன எண், திகதி எல்லாம் சரியாக இருந்தன. கீழே அடையாள இலக்கம் என்று ஒரு வரி. அதைப் பார்த்தேன், அது என்னவென்று யோசிக்கவில்லை.

மனைவி மட்டும் கேட்டாள். அவள் பண்டாரவளையில் பிறந்தவள். “ஏன் இவ்வளவு பணம்? சாதாரண டிக்கெட் அன்றைக்கே கவுண்டரில் கொடுப்பார்களே. எங்கள் அப்பா ஒருநாளும் ஆசனம் பதிந்து ஊருக்குப் போனதில்லை.” பாரிசிலிருந்து வந்தவர்களை நிற்க வைத்தா கூட்டிப்போவது என்று அவள் வாயை அடைத்தேன். அந்த ஒரு வசனத்தின் விலை எவ்வளவு என்று இப்போது ரூபாயில் சொல்ல முடியும்.

அன்று காலை ஐந்தரைக்கெல்லாம் கோட்டை நிலையத்தில் நின்றோம். டிக்கெட் பார்த்தவர் வயதானவர், அவசரப்படாதவர். தொலைபேசியை வாங்கிப் பார்த்தார், என் அடையாள அட்டையைக் கேட்டார், அத்தானின் கடவுச்சீட்டைக் கேட்டார். பிறகு படத்தில் இருந்த அந்த வரியை விரலால் காட்டினார். “மஹத்தயா, இந்த இலக்கம் உங்களில் ஒருவருடையதும் இல்லையே.” இந்தக் கள்ளச் சந்தையைத் தடுக்கத்தான் பதிவு செய்யும்போது அடையாள அட்டை அல்லது கடவுச்சீட்டு இலக்கத்தைக் கட்டாயமாக்கியிருக்கிறார்கள் என்று விளக்கினார். இலக்கம் பொருந்தாவிட்டால் அந்த ஆசனத்தில் நாம் உட்கார முடியாது. அவர் மீது எனக்குக் கோபம் இல்லை. என்னைத் திருடன் என்று நினைக்காமல் முட்டாள் என்று மட்டும் நினைத்தார், அதுவே பெரிய மரியாதை. கரவெட்டிக்காரரின் தொலைபேசி அணைந்திருந்தது.

இங்கே கதை முடிந்திருக்கவேண்டும். மணி 5.40. சாதாரண டிக்கெட் கவுண்டர் இருபது அடி தூரத்தில் திறந்திருந்தது. மனைவி அந்தப் பக்கம் நடக்கவும் தொடங்கிவிட்டாள்.

அப்போதுதான் இரண்டாமவர் வந்தார். இவரும் தமிழ். கவலை தோய்ந்த முகம். “ரயிலுக்கா? கடுகண்ணாவைப் பக்கம் இரவு மண் சரிந்துவிட்டது. ரம்புக்கனையோடு நிறுத்திவிடுவார்கள். சின்னப் பிள்ளைகளோடு அங்கே என்ன செய்வீர்கள்? ஆறு பேரும் வசதியாகப் போக வான் இருக்கிறது, நானுஓயாவுக்கு 55,000.” மலைநாட்டுப் பாதையில் மண் சரிவது புதினமில்லை. அதனால்தான் அது நல்ல பொய். அறிவிப்பு ஒன்றும் வரவில்லை, பலகையில் ரயிலின் நேரம் அப்படியே இருந்தது, ஆட்கள் பைகளோடு ஓடி ஏறிக்கொண்டிருந்தார்கள். விசாரணைக் கவுண்டரில் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அத்தானின் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்ததால் வானில் ஏறினேன். நாங்கள் ஆறு பேர் என்பதை அவர் எண்ணிப் பார்த்திருக்கலாம். நானுஓயா என்று நாங்கள் யாரும் சொல்லவில்லை. இது எனக்கு உறைக்க இரண்டு நாள் பிடித்தது.

வான் பயணத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன், அதை நினைத்தாலே பற்றிக்கொண்டு வருகிறது. மாவனல்லையில் “கால் கழுவிக்கொள்ளலாம்” என்று ஒரு மூலிகைத் தோட்டத்தில் நிறுத்தினார். கறுவா, ஏலம், மிளகு எல்லாம் பெயர்ப்பலகையோடு நட்டிருந்தார்கள். வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருவர் தன்னை வைத்தியர் என்று சொல்லிக்கொண்டு அத்தானின் காலில் ஒரு களிம்பைப் பூசித் துடைத்தார். தேங்காய்ச் சில்லு அளவுக்கு முடி முழுவதும் போய்விட்டது. அத்தான் பாரிஸ் திரும்பும்வரை நீளக் காற்சட்டையோடுதான் திரிந்தார். அக்கா மூட்டுவலி எண்ணெயும் முகக் களிம்பும் 28,000 ரூபாய்க்கு வாங்கினாள். பட்டியலில் விலை எழுதியிருக்கவில்லை; பொதி கட்டிய பிறகுதான் கூட்டிச் சொன்னார்கள். எண்ணெய் போத்தல்களில் செய்த இடமும் இல்லை, திகதியும் இல்லை.

றம்பொடைக்கு முன்பு “தேயிலைத் தொழிற்சாலை” என்று இன்னொரு நிறுத்தம். புகைபோக்கி இல்லை, இயந்திரச் சத்தம் இல்லை, கொழுந்து வாடும் வாசனைகூட இல்லை. அது ஒரு கடை. இங்கே மனைவி என்னைக் காப்பாற்றினாள். “சில்வர் டிப்ஸ்” என்று அத்தானிடம் நீட்டிய டப்பாவைத் திறந்து உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தாள். சில்வர் டிப்ஸ் என்றால் விரியாத மொட்டு, வெள்ளி நிறத்தில் மெல்லிய பூனைமயிரோடு ஊசிபோல் இருக்கும். அவள் கையில் இருந்தது கறுத்த, உடைந்த இலை. டப்பாவில் சிங்க இலச்சினையும் இல்லை. இலங்கையிலேயே பொதிசெய்த, கலப்பில்லாத இலங்கைத் தேயிலைக்குத்தான் தேயிலைச் சபை அந்த வாளேந்திய சிங்கத்தை அனுமதிக்கும். “அண்ணா, இது எங்கள் வீட்டில் வேலைக்கு வருகிறவர்களுக்கு ஊற்றும் தேயிலை” என்று அவள் அமைதியாகச் சொன்னாள். கடைக்காரர் டப்பாவை மூடிக்கொண்டார். வான்காரர் அதன் பிறகு எங்களோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. இறக்கிவிடும்போது குளிரூட்டிக்கும் காத்திருந்ததற்கும் என்று மேலும் 8,000 கேட்டார். இருட்டுகிற நேரம், மழை, பைகள் அவருடைய வண்டிக்குள். கொடுத்தேன்.

தங்குமிடத்துக்காரர் தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு ஏன் இவ்வளவு தாமதம் என்று கேட்டார். மண்சரிவைச் சொன்னேன். “மண்சரிவா? பொடி மெனிக்கே மத்தியானம் வழமைபோல வந்ததே, அதில் வந்தவர்கள்தான் பக்கத்து அறையில் இருக்கிறார்கள்” என்றார். மருமகள் கொப்பியை எடுத்து, மூடி, பையின் அடியில் வைத்தாள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

திரும்பும்போது பொறுப்பை மனைவியிடம் ஒப்படைத்துவிட்டேன். நுவரெலியா நகரத்திலிருந்து நானுஓயா ஏறக்குறைய 8 கிலோமீற்றர். பஸ் இல்லை என்று நான்கு ஓட்டோக்காரர்கள் சத்தியம் செய்தார்கள். ஐந்தாவது நிமிடம் பஸ் வந்தது. நிலையத்துக் கவுண்டரில் பதிவில்லாத சாதாரண டிக்கெட் கேட்டோம், கொடுத்தார்கள். ஆறு பேருக்கும் சேர்த்து ஆன பணம், அக்கா வாங்கிய ஒரு போத்தல் எண்ணெயின் விலைக்குக் குறைவு. ஹட்டன்வரை நின்றோம். நின்றபடியே தலவாக்கலையில் சென்கிளயார் நீர்வீழ்ச்சியைப் பார்த்தோம். திறந்த கதவுப் பக்கம் பிள்ளைகளை விடாமல் பிடித்துக்கொண்டேன். ஹட்டனில் கொஞ்சம் கூட்டம் இறங்கியது. கொழும்பில் வேலை செய்யும் மகனைப் பார்க்கப் போன ஓர் அம்மா, மடியில் இருந்த பையைத் தரையில் வைத்துவிட்டு மருமகளை இழுத்துப் பக்கத்தில் இருத்திக்கொண்டார். நாவலப்பிட்டிக்குப் பிறகு எல்லோருக்கும் இடம் கிடைத்தது. கொப்பி வெளியே வந்தது. கீழிருந்து மேலாகச் சரி போட்டுக்கொண்டே வந்தாள், கடைசியாக ரம்புக்கனை. அத்தான் இறால் வடை மூன்று தின்றுவிட்டு, இது ரீம்ஸ் ரயிலில் கிடைக்காது என்று ஒப்புக்கொண்டார்.

ஆகவே, போகிறவர்கள் பதிவு திறக்கும் நாளிலேயே முயன்று பாருங்கள், உங்கள் சொந்த இலக்கத்தைக் கொடுத்து, ரயில்வே திணைக்களத்தின் இணையத்தளத்திலோ கவுண்டரிலோ. கிடைக்காவிட்டால் அதிகாலையில் போய்ச் சாதாரண டிக்கெட் எடுத்து ஏறுங்கள். அது நிற்கிற டிக்கெட்தான், ஆனால் உங்களுடையது. அதுவும் முடியாவிட்டால் புறக்கோட்டையில் நுவரெலியா பஸ் இருக்கிறது. ரயில் ஓடாது என்று யார் சொன்னாலும், சொன்னவரிடம் வான் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

முறைப்பாடு செய்தேன். பொலிஸில் எழுதி எடுத்தார்கள். வங்கி அந்த முறைப்பாட்டின் பிரதியைக் கேட்டது, கொடுத்தேன். சுற்றுலா அதிகார சபையின் 1912 க்கும் அழைத்து மூலிகைத் தோட்டத்தைப் பற்றிச் சொன்னேன். பணம் இன்னும் வரவில்லை.

போன கிழமை அலுவலகத்தில் என் பக்கத்து மேசைத் தம்பி, கல்யாணமாகி இரண்டு மாதம், எல்லவுக்கு டிக்கெட் கிடைத்துவிட்டது என்று சந்தோஷமாக வந்தான். விற்றவரின் தொலைபேசி இலக்கத்தைக் காட்டச் சொன்னேன். அதே இலக்கம், படம் மட்டும் புதிது. பணம் அனுப்பவில்லை, நல்லவேளை. “நல்ல மனிதர் அண்ணா, நம்முடைய ஆள்” என்றான். அவன் மட்டக்களப்பான். அவருடைய அம்மாவின் ஊர் களுவாஞ்சிக்குடியாம்.