குஞ்சமா, துண்டு உறையா: சோனார் கேபிளுக்கு எது தோது?

மலேசியாவின் ஊத்தான் மெலிந்தாங்கில் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே இருந்துகொண்டு, நீரடியை ஒலியால் படமெடுக்கும் சோனார் கருவியை இழுக்கும் கேபிளைப் பற்றிப் பேசினால் கேட்பவர்கள் சிரிப்பார்கள். ஆனால் பெர்ணம் ஆறு கடலில் சேரும் இடத்தில் மூழ்கிய மரக்கட்டை, கவிழ்ந்த படகு, அறுந்த வலை என்று அடியில் கிடப்பதைத் தேடித் தரச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். எங்களுக்கு அதுதான் பிழைப்பு. பழைய இழுவைக் கேபிளின் மேலுறை வெடித்துவிட்டதால் புதியது வாங்க வேண்டியிருந்தது. பல நாள் யோசித்து, குஞ்சம், அதாவது நார்க்கற்றைகள், வைத்த கேபிளை வாங்கினேன். சிறு படகில் இந்தத் தொழில் செய்கிறவர்களுக்கு அதையே சொல்வேன். இனி எழுதுவதை அந்தச் சாய்வோடு சேர்த்தே படியுங்கள்.

முதலில் நோய் என்னவென்று பார்த்துவிடலாம். நீரில் இழுபடும் உருண்டைக் கேபிளுக்குப் பின்னால் இடமும் வலமுமாகச் சுழிகள் மாறிமாறிக் கழன்று போகின்றன. ஒவ்வொரு சுழியும் கழலும்போது கேபிளைப் பக்கவாட்டில் ஒரு தட்டுத் தட்டுகிறது. காற்றில் கம்பிகள் பாடுவதை ஆராய்ந்த செக் இயற்பியலாளர் ஸ்ட்ரோஹால் 1878இல் கண்ட உறவுதான் இங்கேயும் செல்லும்: வேகத்தைக் கேபிளின் விட்டத்தால் வகுத்து 0.2ஆல் பெருக்கினால், விநாடிக்கு எத்தனை முறை அதிரும் என்பது கிடைத்துவிடும். 10 மில்லிமீட்டர் கேபிளை விநாடிக்கு 2 மீட்டர் வேகத்தில், அதாவது கிட்டத்தட்ட 4 நாட் (மணிக்கு 4 கடல் மைல்) வேகத்தில் இழுத்தால், விநாடிக்கு 40 முறை. இது கேபிளின் இயல்பான அதிர்வோடு ஒத்துப்போய்விட்டால் கேபிள் தன் விட்டத்தின் அளவுக்கே ஆடத் தொடங்கும். ஆட ஆட இழுவையும், அதாவது நீர் கேபிளைப் பின்னுக்கு இழுக்கும் விசையும், ஏறும். ஆடாத வெறுங்கேபிளின் இழுவைக் கெழு (இழுவையின் அளவைக் காட்டும் எண்) சுமார் 1.2 என்றால், ஆடும்போது அது 2ஐத் தொடும். நீரோட்டத்துக்குக் குறுக்காக நிற்கும் ஒவ்வொரு மீட்டர் கேபிளிலும் இரண்டரைக் கிலோவாக இருந்த இழுவை நான்கு கிலோவாகிறது.

எங்கள் படகோட்டி அண்ணனுக்கு இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம். பின்புறம் கேபிளில் இரண்டு விரலை வைத்துப் பார்த்தே படம் தேறுமா தேறாதா என்று சொல்லிவிடுவார். விரல் மரத்துப்போகிற அளவுக்கு அதிர்ந்தால், திரையில் மரக்கட்டையின் விளிம்பு ரம்பப்பல் மாதிரி தெரியும்.

வெறுங்கேபிளையே வைத்துக்கொண்டு மெதுவாகப் போகலாமே என்பவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. இழுவை வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுவதால், 4 நாட் வேகத்திலிருந்து 3க்கு இறங்கினாலே ஏறத்தாழப் பாதி குறைந்துவிடும். ஆனால் கணக்கில் வருவது நீருக்கு எதிரான வேகம். வற்றம் இறங்கும்போது ஆற்றை எதிர்த்து ஏறினால், கரையைப் பார்த்து ஊர்ந்துகொண்டிருந்தாலும் கேபிள் பாடிக்கொண்டுதான் இருக்கும்.

சுருள் சுற்றுவது இன்னொரு வழி. உயரமான இரும்புப் புகைபோக்கிகளின் உச்சியில் தகட்டைச் சுருளாகச் சுற்றியிருப்பார்களே, அதே தத்துவம். அதிர்வு அடங்கும், இழுவை கூடும். நிலையாக நிற்கும் குழாய்க்கு அது சரி. இழுத்துச் செல்லும் கேபிளுக்கு வேண்டாம். பிளாஸ்டிக் நாடாக்களைச் செருகிய கேபிளும் ஏறக்குறைய இதே ரகம்தான்.

மிச்சம் இரண்டு. துண்டு உறை என்பது விமானச் சிறகின் குறுக்குவெட்டு வடிவில் செய்த சிறு பிளாஸ்டிக் துண்டுகளைக் கேபிளின் மேல் வரிசையாக மாட்டுவது. நீர் வரும் திசைக்கு அவை தாமே திரும்பிக்கொள்ளும். இழுவையைக் குறைப்பதில் இதை வெல்ல எதுவும் இல்லை. மீட்டருக்கு நான்கு கிலோ இருந்த இடத்தில் அரைக் கிலோ அளவுக்கு இறங்கிவிடும். நூற்றுக்கணக்கான மீட்டர் கேபிளை ஆழ்கடலில் விடுகிற கப்பலுக்கு வேறு யோசனையே தேவையில்லை.

நமக்கு அவ்வளவு ஆழம் எங்கே இருக்கிறது? மலாக்கா நீரிணையின் தென்பகுதியில்கூட ஆழம் 37 மீட்டரைத் தாண்டுவது அரிது. நாங்கள் விடுகிற குட்டைக் கேபிளில் இழுவை ஒரு தொல்லை, அவ்வளவுதான். படத்தைக் கெடுப்பது அதிர்வு. அதிர்வை அடக்கக் குஞ்சமே போதும் என்னும்போது, முடிவு பராமரிப்பின் கையில் போய்விடுகிறது.

துண்டு உறை போட்ட கேபிளைச் சாதாரண வின்ச்சில் (கேபிளைச் சுற்றி இழுக்கும் பொறி) அடுக்கடுக்காகச் சுற்ற முடியாது. ஒற்றை அடுக்காகச் சுற்ற அகலமான உருளை வேண்டும், அதற்கென்றே வெட்டிய கப்பி வேண்டும். எங்கள் படகில் அதை வைத்தால் ஆள் நிற்க இடமிருக்காது. ஆற்றிலோ நீப்பா ஓலையும் நைலான் வலைத் துணுக்கும் எப்போதும் மிதந்து வரும். இரண்டு துண்டுகளுக்கு இடையில் ஒரு துணுக்குச் சிக்கி அவை திரும்பாமல் நின்றுவிட்டால், சிறகு தன் வேலையைக் காட்டும். கேபிள் மொத்தமும் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகும். சோனார் மீன், அதாவது கேபிள் நுனியில் நீருக்குள் இழுபடும் கருவி, எங்கே போகிறது என்று நாம் தேட வேண்டியதுதான். உடைந்த துண்டுக்கு மாற்று வாங்கினால் அதே விட்டத்துக்குச் செய்ததாக இருக்க வேண்டும். கேபிள் மாறினால் பழைய துண்டுகளை விற்பதும் கடினம்; அதே தடிமன் கேபிள் வைத்திருப்பவர் வந்தால்தான் உண்டு.

குஞ்சக் கேபிளில் மேற்பின்னலோடு சேர்த்தே நார்க்கற்றைகள் கோக்கப்பட்டிருக்கும். நீரில் அவை பின்னால் படிந்து, சுழிகள் ஒரே தாளத்தில் கழல்வதைக் கலைத்துவிடுகின்றன. இழுவை பெரிதாகக் குறையாது. ஆடாத வெறுங்கேபிளின் அளவிலோ அதற்குச் சற்று மேலோ நிற்கும். ஆனால் பழைய வின்ச்சிலேயே அடுக்கடுக்காகச் சுற்றிக்கொள்ளலாம். குப்பை சிக்கத்தான் செய்யும், சொல்லப்போனால் இதில்தான் அதிகம் சிக்கும். ஏற்றும்போதே கையுறை போட்ட கையால் உருவிவிட்டால் வந்துவிடும்.

தொல்லை கரைக்கு வந்த பிறகு. நார்களுக்குள் நுண்சேறு போய் உட்கார்ந்துகொள்ளும். நல்ல தண்ணீரில் அலசாமல் சுற்றி வைத்தால் மறுநாள் கற்றைகள் காய்ந்து விறைத்துக் குச்சிகளாக நிற்கும், இறால் கழிவு நாற்றம் வேறு. அலசி, விரலால் கோதி, நிழலில் உலர்த்த வேண்டும். உருளையின் அடிச்சுற்றில் நசுங்குகிற நார்கள் நாளடைவில் தட்டையாகித் தேயும். கேபிளைத் தலைகீழாகத் திருப்பிச் சுற்றலாம் என்கிறார்கள். இரு முனைகளிலும் இணைப்பி மாட்டியிருக்கும் கேபிளுக்கு அது அவ்வளவு எளிதல்ல.

நான் இழுப்பது 3, 4 நாட் வேகத்தில், ஆழம் குறைந்த நீரில். அதற்கு மேல் வேகத்தில் குஞ்சம் எப்படி நடந்துகொள்ளும் என்பதை என் கை அனுபவத்தில் சொல்ல முடியாது. துண்டு உறையையும் அடுத்தவர் படகில்தான் கையாண்டிருக்கிறேன். பெரிய வின்ச்சும் வெளிக்கடல் வேலையும் உள்ளவர்கள் என் பேச்சைக் கேட்டு அதை ஒதுக்க வேண்டாம்.

பணம் இடித்தால் முழு நீளத்துக்கும் குஞ்சம் கேட்க வேண்டியதில்லை. கனமான சோனார் மீனை இழுக்கும்போது அதற்குச் சற்று மேலே உள்ள பகுதிதான் செங்குத்தாக நின்று நீரை நேராக வாங்குகிறது. மேலே போகப்போகக் கேபிள் சாய்ந்துவிடும். ஆகவே கீழ்ப்பகுதிக்கு மட்டும் இருந்தாலே பாதி நிம்மதி. ஆர்டர் கொடுக்குமுன் உங்கள் கப்பியின் பள்ளத்தை அளந்து எழுதி அனுப்புங்கள். குஞ்சத்தோடு கேபிள் அதில் நுழையுமா என்று விற்பவர் தாமாகக் கேட்க மாட்டார்.