எந்த ஃபைலில் பெர்மிஷன் இடிக்கிறது என்று காட்டிக்கொடுக்கும் புராசஸ் மானிட்டர்: உபயோகித்துப் பார்த்த அனுபவம்

விண்டோஸில் ஒரு சாஃப்ட்வேர் அடம் பிடித்தால் நம் பக்கம் முதலில் சொல்லப்படும் வைத்தியம் "ரைட் கிளிக் பண்ணி ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர் கொடுங்க" என்பதுதான். அதற்கும் மசியவில்லை என்றால் இரண்டாவது வைத்தியம், ஃபோல்டரின் செக்யூரிட்டி டேபுக்குப் போய் எவ்ரிஒன் என்று சேர்த்து ஃபுல் கன்ட்ரோலில் டிக் அடிப்பது. இரண்டுமே பெரும்பாலும் வேலை செய்துவிடும், அதனால்தான் உண்மையில் எங்கே இடித்தது என்று யாரும் தேடுவதில்லை. அடுத்த மாதம் வேறு லாகினில் அதே எரர் வரும், ஆன்டிவைரஸைத் தூக்கச் சொல்வார்கள், கடைசியில் ஃபார்மட்.

இந்தச் சுற்றிலிருந்து வெளியே வர நான் நம்பி வைத்திருக்கும் ஒரே ஆயுதம் புராசஸ் மானிட்டர். பழகியவர்கள் புராக்மான் என்பார்கள். மார்க் ருசினோவிச்சும் பிரைஸ் காக்ஸ்வெலும் நடத்திய சிஸ்இன்டர்னல்ஸிலிருந்து வந்த கருவி. அந்த நிறுவனத்தை 2006-இல் மைக்ரோசாஃப்ட் வாங்கியது, அதே வருடக் கடைசியில் ஃபைல்மான், ரெக்மான் என்று தனித்தனியாக இருந்த இரண்டு பழைய கருவிகளைச் சேர்த்து இதை வெளியிட்டார்கள். இன்று வரை இலவசம். மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து ஒரு சின்ன ஜிப் ஃபைல் இறக்கி, பிரித்து, நேராக ஓட்ட வேண்டியதுதான், இன்ஸ்டால் என்ற பேச்சே இல்லை. பென்டிரைவில் போட்டுக்கொண்டு போகலாம்.

செய்கிற வேலை ஒன்றுதான்: கம்ப்யூட்டரில் ஓடும் ஒவ்வொரு புரோகிராமும் எந்த ஃபைலை, ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸும் சாஃப்ட்வேர்களும் செட்டிங்குகளைச் சேமிக்கும் இடம்) எந்தக் கீயைத் தொட்டது, தொட்டபோது விண்டோஸ் என்ன பதில் சொன்னது என்று வரி வரியாகக் காட்டும். பெர்மிஷன் பிரச்சினைக்கு நமக்கு வேண்டியது ரிசல்ட் என்ற நெடுவரிசையில் ஆக்செஸ் டினைட், அதாவது அனுமதி மறுப்பு, என்று வரும் வரி. இதற்கு ஏன் தனிக் கருவி என்றால், சாஃப்ட்வேர் எழுதியவர்கள் எரர் மெசேஜில் உண்மையைச் சொல்வது அபூர்வம். பழைய விஷுவல் பேசிக் 6 காலத்து பில்லிங் சாஃப்ட்வேர்கள் "ரன்டைம் எரர் 70, பெர்மிஷன் டினைட்" அல்லது "ரன்டைம் எரர் 75" என்று நம்பரைக் கக்கிவிட்டு மூடிக்கொள்ளும், எந்த ஃபைல் என்று சொல்லாது. புதிய சாஃப்ட்வேர்கள் இன்னும் நாகரிகமாக "ஏதோ தவறு நடந்துவிட்டது" என்பார்கள். எது, எங்கே என்று கேட்டால் சப்போர்ட்டில் இருப்பவருக்கும் தெரியாது.

ஒரு மொத்த வியாபாரக் கடையில் பார்த்ததைச் சொல்கிறேன். முதலாளி லாகினில் சாஃப்ட்வேர் ஜோராக ஓடுகிறது, கேஷ் கவுண்டர் லாகினில் மட்டும் "டேட்டாபேஸைத் திறக்க முடியவில்லை" என்று நின்றுவிடுகிறது. விற்றவர்கள் ஃபோனில் சொன்ன தீர்வு, எல்லோரையும் அட்மின் ஆக்கிவிடுங்கள். "அப்படிச் செஞ்சா கவுண்டர்ல இருக்கிற பையன் எதையாவது இன்ஸ்டால் பண்ணி வச்சிருவானே தம்பி" என்று அண்ணாச்சி கேட்டார், ரொம்ப நியாயமான கேள்வி. புராக்மானை ஓட்டினால் பதில் ஒரே வரியில் இருந்தது: எல்லா லாகினுக்கும் பொதுவான புரோகிராம்டேட்டா ஃபோல்டருக்குள் அந்த சாஃப்ட்வேரின் டேட்டா ஃபைல், படிக்கவும் எழுதவும் கேட்டிருக்கிறது, ஆக்செஸ் டினைட்.

காரணம் கொஞ்சம் சுவாரசியமானது. புரோகிராம்டேட்டாவில் சாதாரண யூசர் யாரும் புது ஃபைல் உருவாக்கலாம், ஆனால் ஒருவர் உருவாக்கிய ஃபைலை இன்னொருவர் படிக்கலாமே தவிர மாற்ற முடியாது, உருவாக்கியவருக்குத்தான் முழு உரிமை, அதுதான் விண்டோஸ் வைத்திருக்கும் இயல்பு அமைப்பு. ஆகவே முதல் நாள் யார் சாஃப்ட்வேரைத் திறந்தாரோ அவருக்கு மட்டும் அது ஓடும். டெவலப்பர் தன் மெஷினில் ஒரே லாகினில் டெஸ்ட் செய்திருப்பார், அவர் கண்ணில் இது படவே படாது. அந்த ஒரு ஃபோல்டருக்கு மட்டும் யூசர்ஸ் குரூப்புக்கு மாடிஃபை (மாற்றும்) உரிமை கொடுத்ததும் தீர்ந்தது. எவ்ரிஒன்னும் இல்லை, ஃபுல் கன்ட்ரோலும் இல்லை, யாரையும் அட்மின் ஆக்கவும் இல்லை.

இதே மாதிரி இன்னொன்று அடிக்கடி வரும். ஆக்செஸ் டேட்டாபேஸ் வைத்து ஓடும் சாஃப்ட்வேர்களில் டேட்டா ஃபைலுக்கு எழுதும் உரிமை எல்லாம் சரியாக இருக்கும், இருந்தும் எதையும் சேமிக்க விடாது, "ஆபரேஷன் மஸ்ட் யூஸ் அன் அப்டேட்டபிள் க்வெரி" என்று சம்பந்தமே இல்லாத ஒரு எரர் வரும். புரோகிராமர்கள் க்வெரியை, அதாவது டேட்டாபேஸுக்குக் கொடுக்கும் கட்டளையை, தோண்டிக்கொண்டிருப்பார்கள். உண்மையில் அந்த டேட்டாபேஸ் தன் பக்கத்திலேயே ஒரு லாக் (பூட்டு) ஃபைலை உருவாக்கப் பார்க்கிறது, ஃபோல்டரில் புது ஃபைல் உருவாக்க உரிமை இல்லாததால் ரீட் ஒன்லியாகத் திறந்துவிடுகிறது. எஸ்க்யூலைட் என்ற டேட்டாபேஸும் இதே ரகம்தான், எழுதும்போது ஜர்னல் என்ற தற்காலிக ஃபைலைத் தன் பக்கத்திலேயே உருவாக்க வேண்டும். புராக்மானில் பார்த்தால் டினைட் ஆனது டேட்டா ஃபைல் அல்ல, அந்தத் துணை ஃபைல் என்று பளிச்சென்று தெரியும்.

சரி, ஓட்டுவது எப்படி? திறந்தவுடனே வரிகள் அருவி மாதிரி கொட்ட ஆரம்பிக்கும், பயந்துவிடக் கூடாது. கன்ட்ரோல்-இ அழுத்தினால் பதிவு நிற்கும், கன்ட்ரோல்-எக்ஸ் அழுத்தினால் எல்லாம் அழியும். அப்புறம் பிரச்சினை தரும் சாஃப்ட்வேரைத் திறந்து, எரர் வரும் பட்டனுக்கு முந்தைய இடம் வரை கொண்டுபோய் நிறுத்துங்கள். மறுபடி கன்ட்ரோல்-இ அடித்துப் பதிவைத் தொடங்கி, அந்த பட்டனை அழுத்துங்கள், எரர் வந்ததும் உடனே இன்னொரு கன்ட்ரோல்-இ. இந்தச் சின்ன ஒழுங்கு இல்லாமல் பத்து நிமிடம் ஓடவிட்டால் லட்சக்கணக்கில் வரிகள் சேர்ந்து கண்ணைக் கட்டும். பிறகு டூல்ஸ் மெனுவில் கவுன்ட் அக்கரன்சஸ் போய் ரிசல்ட் நெடுவரிசையைத் தேர்ந்தெடுத்தால் எந்தெந்தப் பதில் எத்தனை முறை வந்தது என்று பட்டியல் தரும், ஆக்செஸ் டினைட்டை டபுள் கிளிக் செய்தால் அந்த வரிகள் மட்டும் மிஞ்சும். எந்த வரியிலிருந்தும் கன்ட்ரோல்-ஜே அடித்தால் அந்த ஃபோல்டரையே திறந்து காட்டும், இந்த ஒரு வசதிக்காகவே எனக்குப் பிடிக்கும்.

இங்கேதான் புதிதாக வருபவர்கள் தடுக்கி விழுவது. ஆக்செஸ் டினைட் என்று வருவதெல்லாம் கோளாறு அல்ல. நிறைய புரோகிராம்கள் முதலில் பெரிய உரிமையைக் கேட்டுப் பார்க்கும், கிடைக்கவில்லை என்றால் அடுத்த வரியிலேயே வெறும் படிக்கும் உரிமை கேட்டு வாங்கிக்கொண்டு போய்விடும். அதனால் டினைட் வரியைப் பார்த்ததும் குதிக்காமல், ஃபில்டரைக் கொஞ்சம் தளர்த்தி அதே ஃபைலுக்கு அடுத்து சக்சஸ் வருகிறதா என்று பாருங்கள். வராமல் போய், உடனே அந்த எரர் விண்டோ சம்பந்தப்பட்ட ஃபைல்கள் லோட் ஆகியிருந்தால் அதுதான் குற்றவாளி. நேம் நாட் ஃபவுண்ட் ஆயிரக்கணக்கில் வரும், புரோகிராம் தனக்கு வேண்டிய டிஎல்எல் என்ற துணை ஃபைல்களை ஒவ்வொரு இடமாகத் தேடும்போது அப்படித்தான் வரும். பஃபர் ஓவர்ஃப்ளோ என்று பார்த்து ஹேக் ஆகிவிட்டது என்று பதறியவர்களும் உண்டு, கொடுத்த இடம் போதவில்லை, பெரிதாகக் கேள் என்று விண்டோஸ் சொல்வது அவ்வளவுதான்.

யூசர் என்ற நெடுவரிசையையும் ஆன் செய்து வையுங்கள். நாம் கிளிக் செய்வது ஒரு புரோகிராம், பின்னால் ஃபைலைத் தொடுவது கண்ணுக்குத் தெரியாமல் ஓடும் ஏதோ ஒரு சர்வீஸாக இருக்கும், அது நெட்வொர்க் சர்வீஸ் மாதிரி வேறு கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும். உங்கள் லாகினுக்கு எவ்வளவு உரிமை கொடுத்தாலும் அது அசையாது.

ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டரை நான் ஏன் இவ்வளவு திட்டுகிறேன் என்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. விஸ்டாவிலிருந்து விண்டோஸில் ஒரு தந்திரம் உண்டு: பழைய 32 பிட் புரோகிராம் ஒன்று, புரோகிராம் ஃபைல்ஸுக்குள் எழுதப் பார்த்தால், மறுக்காமல், சத்தமில்லாமல் அந்த எழுத்தை உங்கள் லாகினுக்குள் இருக்கும் விர்ச்சுவல்ஸ்டோர் என்ற ஃபோல்டருக்குத் திருப்பிவிடும். புரோகிராமுக்கே தெரியாது. மாதக்கணக்கில் பில்கள் எல்லாம் அங்கே சேர்ந்திருக்கும். ஒருநாள் யாரோ புண்ணியவான் ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர் கொடுப்பார், இப்போது திருப்பிவிடுதல் கிடையாது, புரோகிராம் நிஜமான புரோகிராம் ஃபைல்ஸ் ஃபைலைத் திறக்கும், அதில் இன்ஸ்டால் செய்த நாளின் காலி டேட்டா மட்டும் இருக்கும். "பில் எல்லாம் அழிஞ்சு போச்சு" என்று கூச்சல். அழியவே இல்லை, இரண்டு பிரதிகள் இருக்கின்றன. அட்மின் கொடுக்காமல் ஓட்டி புராக்மானின் பாத் நெடுவரிசையைப் பார்த்தால் விர்ச்சுவல்ஸ்டோர் என்ற பெயர் கண்ணில் படும், அங்கே போய் ஃபைலை எடுத்துக்கொள்ளலாம். எதையும் அழிப்பதற்கு முன் இரண்டு ஃபைலையும் நகல் எடுத்து வைத்துவிடுங்கள், ஏனென்றால் அட்மினாகத் திறந்து அதற்குள் புது பில் போட்டிருந்தால் அது புரோகிராம் ஃபைல்ஸில் உள்ள ஃபைலில் இருக்கும்.

குறைகளுக்கு வருவோம். இதை ஓட்டவே அட்மின் உரிமை வேண்டும், உள்ளே ஒரு டிரைவரை ஏற்றுகிறது. ஆபீஸ் லேப்டாப்பில் ஐடி துறை பூட்டி வைத்திருந்தால் உங்களுக்கு இது உதவாது. பதிவு ஓடும் வரை மெமரியைத் தின்றுகொண்டே இருக்கும், ஃபில்டர் போட்டாலும் அது மறைக்க மட்டுமே செய்யும், பின்னால் எல்லாம் சேர்ந்துகொண்டுதான் இருக்கும். நெடுநேரம் ஓட்ட வேண்டும் என்றால் ஃபில்டர் மெனுவில் டிராப் ஃபில்டர்டு ஈவென்ட்ஸ் டிக் செய்தாக வேண்டும். முகப்பு விண்டோஸ் எக்ஸ்பி காலத்து வாசனையோடு அப்படியே இருக்கிறது, எனக்கு அது தொந்தரவு இல்லை, கல்லூரியிலிருந்து புதிதாக வரும் பிள்ளைகள் முகம் சுளிக்கிறார்கள்.

எல்லாவற்றையும் விடப் பெரிய குறை, மறுத்தது என்று சொல்லுமே தவிர ஏன் மறுத்தது என்று சொல்லாது. ஃபைலில் ரீட் ஒன்லி டிக் இருந்தாலும் எழுதத் திறக்கும்போது இதே ஆக்செஸ் டினைட்தான். ஹிட்டன் ஃபைல் ஒன்றை புரோகிராம் புதிதாக மேலெழுதப் பார்த்தாலும் இதே பதில்தான், பெர்மிஷன் பட்டியலில் எல்லாம் சரியாக இருக்கும், தலை சுற்றும். விண்டோஸ் 10-இல் 2017 அக்டோபர் அப்டேட்டோடு வந்த கன்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்செஸை யாராவது ஆன் செய்து வைத்திருந்தால் டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரில் சேமிக்கும்போது விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான டிஃபென்டர் தடுக்கும், அதை ஈவென்ட் வியூவரில் டிஃபென்டர் பகுதியில் 1123 என்ற எண்ணில் தேட வேண்டும். பழைய ஹார்டு டிஸ்கை புது விண்டோஸில் மாட்டியிருந்தால் செக்யூரிட்டி டேபில் பெயருக்குப் பதில் எஸ்-1-5-21 என்று ஆரம்பிக்கும் நீள எண் நிற்கும், செத்துப்போன பழைய லாகினின் உரிமை அது. இதையெல்லாம் நாமேதான் போய்ப் பார்த்துப் பிடிக்க வேண்டும். அதே சிஸ்இன்டர்னல்ஸில் ஆக்செஸ்செக் என்று ஒரு கமாண்ட் லைன் கருவி இருக்கிறது, யாருக்கு என்ன உரிமை என்று சொல்லும், இரண்டையும் சேர்த்தே இறக்கி வையுங்கள்.

ஷேரிங் வயலேஷன் என்று வந்தால் அது பெர்மிஷனே இல்லை, வேறு ஏதோ புரோகிராம் ஃபைலைப் பிடித்து வைத்திருக்கிறது. பேக்கப் சாஃப்ட்வேர், கிளவுட் சிங்க், ஆன்டிவைரஸ் இந்த மூன்றில் ஒன்றாக இருக்க வாய்ப்பு அதிகம். இதற்குப் போய் ஃபுல் கன்ட்ரோல் கொடுத்து ஒரு பயனும் இல்லை.

லினக்ஸுக்கும் புராக்மான் என்ற பெயரில் ஒன்றை மைக்ரோசாஃப்ட் வெளியிட்டிருக்கிறது. பெயர்தான் ஒன்று, அங்கே எனக்கு இதே மாதிரி வேலை செய்யும் எஸ்டிரேஸ் போதும். மேலே உள்ள எந்த ஃபோல்டரில் வழி அடைபட்டிருக்கிறது என்று பார்க்க நேம்ஐ கமாண்டை மைனஸ் எல் போட்டு ஓட்டினால் பாதையின் ஒவ்வொரு படியின் உரிமையையும் வரிசையாகக் காட்டிவிடும், எல்லோருக்கும் எல்லா உரிமையும் தரும் 777-ஐக் கொடுக்கும் கை தானாக நிற்கும்.

கம்ப்யூட்டர் சர்வீஸ் தொழிலில் இருப்பவர்கள், சின்ன ஆபீஸில் "நீதான் கம்ப்யூட்டர் தெரிஞ்சவன்" என்று மாட்டிவிடப்பட்டவர்கள், சாஃப்ட்வேர் எழுதி விற்பவர்கள், இவர்களிடம் கட்டாயம் இருக்க வேண்டும். வீட்டில் மெயில் பார்க்க, படம் பார்க்க கம்ப்யூட்டர் வைத்திருப்பவருக்கு வேண்டாம். ஒரு எச்சரிக்கை: சேமித்த பதிவு ஃபைலை சப்போர்ட்டுக்கு அப்படியே அனுப்பாதீர்கள், உங்கள் ஃபைல் பெயர்கள், லாகின் பெயர், புரோகிராம் திறந்த கமாண்ட் முழுவதும் அதில் இருக்கும், சில சாஃப்ட்வேர்கள் பாஸ்வேர்டைக்கூட கமாண்டிலேயே வைத்து ஓட்டுகின்றன. சேமிக்கும்போது ஃபில்டரில் தெரியும் வரிகளை மட்டும் சேமி என்ற தேர்வு இருக்கிறது, அதைக் கொடுத்து, டினைட் ஆன அந்த நாலு வரியை மட்டும் அனுப்பினால் போதும்.