கித்தாக் காட்டுக்குள் டிரைவர் எதற்கு?

தோட்டப்புற ஊரில், பால் வெட்டு நின்றுபோன பழைய கித்தாக் (ரப்பர்) காட்டுக்குள் நிர்வாகத்திடம் அனுமதி வாங்கி ஒன்பது கூடை நிறுத்தினால் போதும், புதியவர்களுக்கு அருமையான டிஸ்க் கோல்ஃப் களம் தயார். தட்டு மாதிரியான டிஸ்க்கை எவ்வளவு குறைந்த வீச்சில் கூடைக்குள் சேர்க்கிறோம் என்பதுதான் ஆட்டம்; ஒரு கூடை வரையிலான தடம் ஒரு குழி. குழிக்கு 45 முதல் 70 மீட்டர். நிழல் உண்டு, காற்றுத் தொல்லை குறைவு. பையில் எதைப் போட்டுக்கொண்டு போவது என்பதில்தான் தகராறு: கிட்டத்துக்கான புட்டரா, நடுத்தரத் தூரத்துக்கான மிட்ரேஞ்சா, நெடுந்தூரத்துக்கான டிரைவரா?

முதலில் இடத்தைக் கணக்குப் போடுங்கள். மர நிரைக்கும் நிரைக்கும் இடையே 6 மீட்டர் என்று வைத்தால், நடுவில் நின்று வீசுபவருக்கு இருபக்கமும் 3 மீட்டர்தான். கை 4 பாகை பிசகினால் 43ஆவது மீட்டரில் டிஸ்க் நிரையைத் தொடும். 8 பாகை பிசகினால் 21 மீட்டரிலேயே. புதியவருக்கு 8 பாகைப் பிசகு சர்வசாதாரணம். அதனால் எந்த டிஸ்க் தூரம் போகும் என்று பார்க்காதீர்கள். தப்பாக வீசினால் எது குறைவாகத் தண்டிக்கும் என்று பாருங்கள்.

டிரைவரைப் பற்றிய முதல் தவறு, டிஸ்க்கில் அச்சிட்டிருக்கும் நான்கு எண்களில் தொடங்குகிறது. வேகம், மிதப்பு, திருப்பம் (வேகமாகப் போகும்போது ஒரு பக்கம் திரும்புவது), சாய்வு (வேகம் குறைந்ததும் எதிர்ப்பக்கம் சாய்வது) என்பது வரிசை. இன்னோவா நிறுவனத்தின் டிஸ்ட்ராயர் என்ற டிரைவருக்கு 12, 5, -1, 3. அந்த 12, டிஸ்க் தானாகப் பறக்கும் வேகமல்ல. அது ஒழுங்காகப் பறக்க உங்கள் கை கொடுக்க வேண்டிய வேகம். கொடுக்க முடியாவிட்டால் திருப்பம் வேலை செய்யாது, சாய்வு மட்டும் சீக்கிரமே வந்துவிடும். வலக்கையால் பின்கை வீச்சில் வீசுபவருக்கு டிஸ்க் இடப்பக்க நிரைக்குள் நுழையும். கூரான கெட்டி விளிம்பு மரத்தில் பட்டால் பக்கவாட்டில் தெறித்து அடுத்த நிரைக்கு ஓடும். லெப்பர்ட் மாதிரி 6, 5, -2, 1 எண்கொண்ட சாதுவான டிரைவர் பரவாயில்லை. என்றாலும் 70 மீட்டருக்குள் அதற்கும் வேலை குறைவு.

மிட்ரேஞ்ச் வேறு சாதி. டிஸ்கிராஃப்ட் நிறுவனத்தின் பஸ் (Buzzz) டிஸ்க்குக்கு 5, 4, -1, 1. எந்தக் கோணத்தில் விடுகிறீர்களோ ஏறக்குறைய அதே கோணத்தில் போகும். தோட்டத்து மண்சாலை வளைந்து போகும் குழிக்கும், 60 மீட்டருக்கு மேற்பட்ட நேர்ச்சந்துக்கும் இதுதான் சரி. குறை ஒன்று: கூடைக்குப் பக்கத்தில் விழுந்தாலும் மெத்தென்று நிற்காமல் சருகு மேல் வழுக்கிக்கொண்டு போகும்.

புட்டர் (ஏவியர் 2, 3, 0, 1) மழுங்கிய விளிம்பு, மெதுவான ஓட்டம். மரத்தில் பட்டால் பெரும்பாலும் காலடியில் விழும். அடுத்த வீச்சுக்கு வழி திறந்தே இருக்கும். 65 மீட்டர் குழியைப் புட்டரால் 35, 28 என்று இரண்டு வீச்சாகப் பிரித்தால், ஒவ்வொரு வீச்சுக்கும் பாகைக் கணக்கு தளர்கிறது. கடைசியில் 2 மீட்டர் தட்டினால் மொத்தம் 3 வீச்சு. டிரைவர் 25 மீட்டரில் மரத்தில் மோதி ஓரம் போனால், வெளியே எடுக்க ஒன்று, நெருங்க ஒன்று, கூடைக்கு ஒன்று: முதல் வீச்சோடு சேர்த்து 4, பல நேரம் 5. புட்டருக்கும் குறை உண்டு: விளிம்பு ஆழமானது, சின்னக் கைக்குப் பிடி சிரமம், திறந்த வெளியில் காற்று தூக்கிவிடும்.

எதைப் பிடித்தாலும் கெடுப்பது முன்விளிம்பு மேலே தூக்குவதுதான். டிஸ்க் எகிறி, கிளையில் தட்டி, நட்டுக்குத்தாக விழும். கித்தாவின் கீழ்த்தண்டு சுத்தமாக இருக்கும், கிளைக்கூரை மேலே மூடியிருக்கும். அதனால் நெஞ்சு மட்டத்தில், தட்டில் தண்ணீர் வைத்து நீட்டுவதுபோல் இழுத்து விடுங்கள். ஓடி வந்து வீச வேண்டாம், நின்ற இடத்திலிருந்தே.

செம்பனைக் (எண்ணெய்ப் பனை) காட்டில் ஆடலாமே என்பார்கள். 9 மீட்டர் முக்கோண நடவில் சந்து சற்று அகலம்தான். ஆனால் வெட்டிப் போட்ட மட்டைக் குவியலுக்குள் டிஸ்க் போனால் முள்ளும் பாம்பும் காத்திருக்கும். கித்தாவே மேல். பால் வெட்டும் நிரைக்குள் மட்டும் வேண்டாம். பட்டை காயப்படும், பால் பிடிக்கும் மங்கு கவிழும்.

பிளாஸ்டிக்கில் மலிவு ரகம் மழையிலும் பிடி கொடுக்கும், ஆனால் மரத்தில் அடிபட்டுச் சீக்கிரம் திருப்பம் கூடிவிடும். விலை கூடியது உழைக்கும், ஈரத்தில் வழுக்கும். புட்டரை மலிவிலும் மிட்ரேஞ்சை உயர்ந்ததிலும் வாங்குவது எங்கள் தேர்வு. துண்டு ஒன்று பையில் இருக்கட்டும்.

நிறத்தில் கவனம். பிப்ரவரி, மார்ச்சில் கித்தா இலையுதிர்க்கும்போது தரை முழுக்கச் செம்பழுப்புச் சருகு; ஆரஞ்சும் சிவப்பும் அதில் மாயமாகும். பச்சை எப்போதுமே ஆபத்து. வெளிர்நீலமோ பளிச்சென்ற இளஞ்சிவப்போ எடுங்கள். தேட விதி தருவது 3 நிமிடம். அதற்குள் கிடைக்காவிட்டால் ஒரு வீச்சு தண்டனை, பழைய இடத்திலிருந்தே மறுபடி.