கடைவாய்ப் பல் உடையாமல் இருக்க எது தேவலை: ஃபில்லிங்கா, ஆன்லேயா (பல்லின் மேற்பகுதியை மட்டும் மூடி ஒட்டுவது), கேப்பா?

ரூட் கெனால் செய்த பல் காய்ந்துபோய் நொறுங்கிவிடும், அதனால்தான் கேப் போடச் சொல்கிறார்கள் என்று பலரும் நினைக்கிறார்கள். கேப் பல சமயம் தேவைதான், ஆனால் காரணம் அதுவல்ல. ரீ, மெஸ்ஸர், டக்ளஸ் மூவரும் 1989-இல் சிறு கடைவாய்ப் பற்களில் அளந்து பார்த்தார்கள். வேர் சிகிச்சைக்காகத் துளைத்ததால் குறைந்த விறைப்பு வெறும் 5%. மேலே மட்டும் குழி எடுத்தால் 20%, பக்கத்துப் பற்களைத் தொடும் இரண்டு பக்க ஓரங்களும் போய் மேலேயும் குடைந்தால் 63%. ஆக, பல்லைப் பலவீனமாக்குவது போன ஓரங்கள்தான். எந்தப் பொருளால் அடைப்பது என்பதற்கு முன்னால், எத்தனை சுவர் மிச்சம், எவ்வளவு தடிமன் என்று பார்க்க வேண்டும்.

ஓரங்கள் இரண்டும் நன்றாக இருக்கிற சின்னக் குழியா? காம்போசிட் (பல் நிறத்தில் இருக்கும் பிசின்) ஃபில்லிங் போதும், இதில் விவாதமே இல்லை.

பெரிய குழியில்தான் சண்டை. அமால்கம், அதாவது பாதரசம் கலந்த வெள்ளி நிற ஃபில்லிங், கெட்டியானது, தேய்மானமும் குறைவு, ஆனால் பல்லோடு ஒட்டாது. குழிக்குள் இறுகி உட்கார்ந்திருக்கும், அவ்வளவுதான். சுவர்கள் மெலிந்திருந்தால் ஒவ்வொரு கடிக்கும் அது ஆப்பு மாதிரி வேலை செய்து முகடுகளை (பல்லின் மேலே இருக்கும் மேடுகளை) வெளிப்பக்கம் தள்ளும். வருடக்கணக்கில் சத்தமில்லாமல் கிடந்த அமால்கம் பல்லில் ஒரு முகடு திடீரென்று பெயர்ந்து வருவது இப்படித்தான். (பாதரசம் காரணமாக ஐரோப்பிய ஒன்றியம் 2025 முதல் அமால்கத்தைப் பெரும்பாலும் நிறுத்திவிட்டது, அது வேறு கதை.)

காம்போசிட் ஒட்டும். இரண்டு சுவர்களையும் பிடித்துக் கட்டிப்போடுவதால் இழந்த பலத்தில் கணிசமான பங்கு திரும்பி வரும். ஆனால் இறுகும்போது கொள்ளளவில் 2–3% சுருங்கும், அந்தச் சுருக்கம் மெல்லிய முகடுகளை உள்பக்கம் இழுக்கும். 2 மி.மீ. அடுக்கடுக்காக வைப்பது இதற்காகவும்தான். அப்புறம் அந்த ஒட்டு ஈரத்தில் வருடங்கள் போகப்போகத் தளரும், புதிதாக ஒட்டிய பல்லை உடைத்துப் பார்க்கும் ஆய்வகச் சோதனையில் இது சரியாகத் தெரியாது. அடியில் ஃபைபர் கலந்த காம்போசிட் வைத்தால் விரிசல் ஓடுவது தடைபடும். நல்ல யோசனைதான், ஆனால் போன முகடுக்கு அது மாற்று இல்லை.

சுவர் 2–3 மி.மீ.க்கும் கீழே மெலிந்துவிட்டது, இரண்டு ஓரங்களும் இல்லை, மேல்வரிசைச் சிறு கடைவாய்ப் பல், அதிலும் ரூட் கெனால் செய்தது என்றால், என் கட்சி முகடுகளை மூடுவதுதான். மூடிவிட்டால் கடிக்கும் விசை முகடுகளை விரிக்காமல் வேர்ப்பக்கம் இறங்கும். இதை ஆன்லேயும் செய்யும், கேப்பும் செய்யும். வித்தியாசம் அதற்காக எவ்வளவு பல்லைச் செதுக்குகிறோம் என்பதில். முழு கேப்புக்குச் சுற்றிலும் செதுக்கினால் வெளியே தெரியும் பல்லில் மூன்றில் இரண்டு பங்கே போய்விடும், ஆன்லேக்கு அதைவிட மிகக் குறைவு. எனாமல் விளிம்பு நன்றாக இருந்தால் நான் ஆன்லே பக்கம். விளிம்பு ஈறுக்குள் இறங்கி, ஈரத்தை விலக்கி ஒட்டவே முடியாத இடமென்றால் கேப், ஆனால் ஈறுக்கு மேல் சுற்றிலும் 1.5–2 மி.மீ. நல்ல பல் இருக்க வேண்டும். அந்த வளையம் இல்லாமல் போஸ்ட் (வேருக்குள் இறக்கும் தண்டு) வைத்துக் கேப் போட்டால் பல் பலமாகிவிடாது. போஸ்ட் மேல்கட்டைப் பிடித்துவைக்கத்தான், வேரை வலுப்படுத்த அல்ல.

கேப், ஆன்லே செய்யும் பீங்கான் வகைகளில் சிர்கோனியா 1000 மெகாபாஸ்கல் தாங்கும், லித்தியம் டைசிலிகேட் 400-ஐ ஒட்டித்தான் என்று விளம்பரங்களில் வரும். எண்கள் சரிதான், ஆனால் மெல்லும்போது வரும் விசை பொதுவாக 300 நியூட்டனைத் தாண்டாது. அதனால் சோதனையில் பல் எத்தனை நியூட்டனில் உடைந்தது என்பதைவிட எங்கே உடைந்தது என்றுதான் நான் பார்ப்பேன். ஈறுக்கு மேலே ஒரு மூலை பெயர்ந்தால் திரும்பக் கட்டலாம். விரிசல் வேருக்குள் ஓடினால் பல்லைப் பிடுங்குவதுதான், மேலே கேப் கீறல்கூட இல்லாமல் பளபளவென்று இருந்தாலும்.

தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறவர்கள் இதில் எதைப் போட்டாலும் இரவு உறை ஒன்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மேல்பல்லும் கீழ்ப்பல்லும் நேருக்கு நேர் அரைக்காமல் நடுவில் தேய்வதற்கென்றே இருக்கிற பொருள் அது, தேய்ந்தால் மாற்றிக்கொள்ளலாம்.